கீழ்க்குழாய்

பாலிக் பூலாவ் ஏற்றத்தில்
நான்காவது வளைவு தாண்டியதும்
சூட்டு முள் சிவப்பை நோக்கி நடக்கும்.
ஓடாது. நடக்கும்,
வீடு தெரிந்த கடன்காரனைப் போல.

ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தால்
எல்லாம் சரி.
குழாய்கள் இரண்டும் உருண்டு கொழுத்து
ஒன்றும் அறியாத முகத்தோடு.

பொறுக்கிச் சேர்த்த கார் இது.
என்ஜின் பட்டர்வொர்த் பழைய இரும்புக்கடையில்,
ரேடியேட்டர் யாருடைய வேனிலிருந்தோ,
சேஸிஸ் நானே பற்றவைத்தது:
ரெலாவ் அடுக்குமாடியின் கீழ், பதினேழாம் எண் நிறுத்தத்தில்,
ஆலையில் இரவு ஷிஃப்ட் இல்லாத நாள்களில்.
கம்பெனிக் கையேடு கிடையாது.
கேட்டால் பதில் சொல்ல
நான் ஒருத்திதான்.

மூன்று மாதம்.
தெர்மோஸ்டாட்டைக் கழற்றி
மெகி மீ வேகவைக்கும் சட்டியில் போட்டேன்.
எண்பத்திரண்டு டிகிரியில் சமர்த்தாய் வாய் திறந்தது.
அன்றைய மீயில் இரும்பு வாசம்.

விசிறி தலைகீழாய்ச் சுற்றுகிறதோ என்று
முன்கிரில்லில் ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்தேன்.
ஒட்டிக்கொண்டது. காற்று உள்ளேதான் போகிறது.

ரேடியேட்டர் என்ஜினைவிடத் தாழ்வு,
காற்று எங்கோ சிக்கியிருக்கும் என்று
சரிவில் மூக்கைத் தூக்கி நிறுத்தி
குமிழி குமிழியாய் ஏப்பம் விடவைத்தேன்.
பம்ப் மாற்றினேன். மூடி மாற்றினேன்.
முள் தன் நடையை மாற்றவில்லை.

அன்சாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
மூன்றாம் மாடி. என் நிறுத்தத்துக்கு நேர் மேலே சன்னல்.
நிர்வாகக் குழுவுக்கு நான்கு கடிதம் எழுதியவர்:
சத்தம், புகை, எண்ணெய்க் கறை,
நான்காவது பொதுவாக.

ஒரு ஞாயிறு, இன்னும் விடியவில்லை,
சுபுஹு தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வந்தார்.
கைலி, தொப்பி, கையில் ரொட்டி சானாய்ப் பொட்டலம்.
திட்டத் தயாராக நின்றவரை முந்திக்கொண்டேன்:
"அண்ணே, ஒரு கால் வேணும்.
உங்க கால்."

கீழ்க்குழாய் தெரிய வேண்டுமானால்
தரையில் மல்லாந்து படுக்க வேண்டும்.
படுத்தவளுக்கு ஆக்சிலரேட்டர் எட்டாது.

பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தார்.
என் உயரத்துக்குச் செய்த இருக்கை,
அவர் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது.
"மிதிங்க," என்றேன். "இன்னும். இன்னும்."
நான்காயிரம் சுற்று.
மேலே ஐந்தாறு சன்னல்களில் விளக்கு எரிந்தது.
அவர் காலை எடுக்கவில்லை.
ரசித்தார் என்றுகூடச் சொல்வேன்.

அங்கே, என் முகத்துக்கு ஒரு முழம் மேலே,
கீழ்க்குழாய்
வயிறு ஒட்டிக் கிடந்தது.
உறிஞ்சி முடித்த பானப் பொட்டலம் போல.
தண்ணீர் போக ஒரு நூல் வழியில்லை.

"விடுங்க."
விட்டார். மூச்சிழுத்து உருண்டது,
எதுவும் நடக்காதது போல.
"மறுபடி."
மறுபடி ஒட்டியது.

உள்ளே இருக்க வேண்டிய கம்பிச் சுருள் இல்லை.
மலிவு என்று வாங்கியபோது
விரல் விட்டுப் பார்க்கத் தோன்றவில்லை எனக்கு.
பம்ப் இழுக்க இழுக்க
வெந்து இளகிய ரப்பர்
தன்னையே குடித்திருக்கிறது.

முதுகுத் தூசியோடு எழுந்து சொன்னேன்.
அவர் குனிந்து எட்டிப் பார்த்தார்.
"இதுவா? நல்லாத்தானே இருக்கு?"
மூன்று மாதமாய் நானும்
அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சுருளுக்குப் பன்னிரண்டு வெள்ளி, பாயான் பாருவில்.
புதுக் குழாய்க்கு முப்பத்தைந்து.
திருகி நுழைத்ததில் கட்டைவிரல் தோல் போயிற்று.

அடுத்த ஞாயிறு, நான்காவது வளைவு.
முள் பாதியில் நின்றது.
ஐந்தாவது. ஆறாவது.
சாலையோரம் டுரியான் வாசம்.
நான் கூப்பிடாமலே ஏறிக்கொண்டவர்
"சத்தம் ரொம்ப அதிகம்" என்றார்,
அடுத்த கடிதத்துக்கு வாசகம் தேடுபவர் போல,
ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தபடி.
வளைவில் பருப்புக் கறி கியர் மேல் சிந்தியது.
காலடியிலிருந்த கந்தலைத் தேடி எடுத்து நீட்டினேன்,
கண்ணை எடுக்காமல்
முள்ளிலிருந்து.