தரையில் ஒரு சொட்டும் இல்லை

திங்கட்கிழமை ‘மேக்ஸ்’ கோடு வரை ஊற்றினேன்.
வியாழன் காலை ‘மின்’னுக்கும் கீழே.
நடுவில் செம்பூரிலிருந்து வாஷி,
வாஷியிலிருந்து செம்பூர், மூன்று நாள், அவ்வளவுதான்.
முக்கால் லிட்டர் பச்சைத் தண்ணீர்
யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போயிருக்கிறது.

ராத்திரி வண்டிக்கடியில் பழைய பேப்பர் விரித்துவைத்தேன்.
காலையில் பங்குச்சந்தைப் பக்கத்தின் மேல்
பூனைத் தடம் நான்கு.
ஈரம் இல்லை.
வாட்ச்மேன் ராம்சுரேஷ் குனிந்து பார்த்துவிட்டு
"யாரோ திருடுறாங்க சாப்" என்றான்.
ஒரு நிமிஷம் நம்பவும் செய்தேன்.

தாராவி தொண்ணூறடி ரோட்டில்
தாவீது கடை வைத்திருக்கிறான்.
கடை என்றால் ஒரு ஜாக்கி, ஒரு தார்ப்பாய்,
மாநகராட்சி இன்னும் பிடுங்காத அரை நடைபாதை.
ரேடியேட்டர் வாயில் பம்பை மாட்டி அடித்தான்.
முள் பதினைந்தில் நின்றது.
"டீ குடிச்சிட்டு வருவோம். அதுக்குள்ள அதுவே சொல்லிரும்."
குடித்தோம். பதினொன்று.
இன்னொரு டீ. ஒன்பது.

டார்ச் அடித்து ஹோஸ் ஹோஸாகத் தடவினான்,
வாட்டர் பம்பின் தாடைக்கடியில் விரலை விட்டான்.
எல்லாம் வறண்டு கிடந்தது.
ஆயில் குச்சியை உருவி வெயிலில் பிடித்தான்:
பால் கலக்கவில்லை.
சைலன்சர் முன் குந்தி புகையை மோந்தான்.
"ஹெட் கேஸ்கெட் போயிருந்தா வெள்ளையா ஊதும். ஊதல."
அந்த ஒரு சொல்லில் எனக்கு இருபதாயிரம் மிச்சம்.
மூடியின் ரப்பர் வெடித்திருந்தது, மாற்றினான்.
"இதுவும் போச்சு. ஆனா இது இல்ல."

கூட வருகிற கேத்தகி சாவந்த்
(கணக்குப் பிரிவு, இடதுபக்க இருக்கை, பெட்ரோலில் பாதி)
ஒரு வாரமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்,
வண்டிக்குள் ஏதோ பாகு காய்ச்சுகிற வாசனை என்று.
நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.
செருப்பு நனைகிறது என்றாள்.
ஜூலை மாதம், மும்பையில்,
யார் செருப்பு நனையவில்லை?
உங்கள் குடை சொட்டியிருக்கும் என்றேன்.
அவள் குடையை மடித்து
பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்த பிறகுதான் ஏறுவாள்.
தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வெள்ளி மாலை, மான்குர்த் சிக்னலுக்கு முன்
நகராத வரிசை.
முள் பாதியைத் தாண்டி, முக்காலைத் தாண்டி,
சிவப்பின் வாசலில்.
தாவீதுக்குப் போன் போட்டேன்.
"ஏசிய அணை. ஹீட்டரப் போடு, ஃபுல்லா.
எஞ்சின் சூட்ட நீ உள்ள வாங்கிக்க."
பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாளும் தொடாத குமிழ்.
திருகினேன்.

காற்றுத் துளைகள் வெந்நீராய் மூச்சுவிட்டன.
முன்கண்ணாடி முழுக்கப் பிசுக்கு மூட்டம்,
துடைக்கத் துடைக்க இழுபட்டது.
பாகு வாசனை,
இப்போது எனக்கும்.
கேத்தகி ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு காலையும் தூக்கி இருக்கைமேல் மடித்துக்கொண்டாள்.
அவள் பக்கத்துக் கார்ப்பெட்டைக் கிள்ளி இழுத்தேன்.
விரலெல்லாம் பச்சை.

"டாஷ்போர்டுக்குப் பின்னால குட்டி ரேடியேட்டர் ஒண்ணு,
ஹீட்டருக்கு. நீ போட்டாலும் போடாட்டியும்
தண்ணி அதைச் சுத்திட்டுத்தான் வரும்.
அது ஒழுகுது. தரைக்கு எங்க வரும்?
கார்ப்பெட்டு குடிச்சிட்டு இருக்குல்ல."
மாற்ற ஒன்பதாயிரம், இரண்டு நாள்.
இல்லையென்றால் வளைந்த ஹோஸ் துண்டு, ரெண்டு கிளிப்,
நூற்றுத்தொண்ணூறு.
"பம்பாய்ல ஹீட்டர் என்னத்துக்கு?"
குளிர்காலம் இருக்கும் ஊருக்கு
இந்த வண்டியில் இனி போக முடியாது. போகட்டும்.

கார்ப்பெட்டை மூன்று முறை அலசினேன்.
தித்திப்பாக இருக்குமாம், நக்கினால் பூனை செத்துவிடுமாம்.
சொசைட்டிக் கம்பியில் நான்கு நாளாகத் தொங்குகிறது.
ஜூலையில் எது காயும்?

திங்கட்கிழமை ‘மேக்ஸ்’ கோட்டில் நின்றது.
வியாழன் காலையும் அங்கேயே.
கேத்தகி குடையை மடித்துப் பையில் போடுகிறாள்.
வெறும் தகரத் தரையைக்
கட்டைவிரலால் தொட்டுப் பார்த்த பிறகே
பாதத்தை வைக்கிறாள்.
அவள் வைக்கும்வரை
நான் கியர் போடுவதில்லை.