இரண்டேகால் சுற்று

சாந்தா குரூஸ் புழுக்கத்தில் ஓடிப் பழகிய வண்டி.
விற்கும்போது எர்மோகெனெஸ் சொன்னான்:
"இறங்கிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வா,
ஸ்லோவில் அப்படியே நிற்கும், கட்டிய மாடு மாதிரி."
பொய் சொல்லவில்லை.
அங்கே நின்றது.

லாரியில் ஏற்றி எல் ஆல்தோவில் இறக்கினேன்.
நாலாயிரத்து நூறு மீட்டர்.
கீழிருந்து வருகிறவர்கள்
நாலு படி ஏறியதும் சுவரைப் பிடிப்பார்கள்,
ஏதோ சுவரைப் பார்க்கத்தான் வந்தவர்கள்போல்.
வண்டிக்கும் அதேதான்.
ஆக்சிலரேட்டரை விட்டால்
ஒரு கரும்புகை, இரண்டு இருமல்,
முடிந்தது.

எனக்கு முப்பத்தொரு கடை.
ஒவ்வொன்றிலும் இறங்கி, ரொட்டி எண்ணி, காசு எண்ணி,
நேற்றைய பாக்கிக்கு வாயாடி,
திரும்பும்வரை அது உயிரோடிருந்தால் போதும்.
வேறெதுவும் கேட்கவில்லை.
செல்ஃப் கிடையாது. கிக்கர்தான்.
விடியாத குளிரில்
மூன்றடுக்குப் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு
முப்பத்தொரு தடவை உதைத்துப் பாருங்கள்,
பிறகு பேசலாம்.

ராத்திரி பிளக்கைக் கழற்றினேன்.
அடுப்பில் கிடந்ததுபோல் கரி.
புரிந்தது:
பந்தியில் உட்கார்ந்திருப்பது அறுபது பேர்,
உலை வைத்திருப்பது நூறு பேருக்கு.
பெட்ரோல் வந்த அளவே வருகிறது,
தின்னத்தான் காற்றில்லை.
ஜெட்டை மாற்று என்றார்கள்.
ஜெட்டின் விலை அறுபது ரொட்டி.
ஸ்க்ரூ டிரைவர் வீட்டிலேயே இருந்தது.

ஏர் ஸ்க்ரூவை உள்ளே கடைசிவரை திருகி எண்ணினேன்,
அழுத்தாமல்; பித்தளை முனை, கோபித்துக்கொள்ளும்.
ஒன்றேகால் சுற்று. எர்மோகெனெஸின் கணக்கு.
அதே இடத்துக்குத் திருப்பிவிட்டு உதைத்தேன்.
சூடாகட்டும் என்று காத்திருந்தேன்.

ஒன்றரை. மூச்சுத் திணறல்.
ஒன்றே முக்கால்.
இரண்டில், பக்கத்து வீட்டு நிக்கனோரா
சுவரை இடித்தாள்.
இரண்டேகால். இடித்தாள்.
இரண்டரையில்
இருமல் நின்றது, இழுப்பு நின்றது,
கதிர் சுழல நூல் இறங்குவதுபோல்
ஒரே சீராய் ஒரு சத்தம்.
சுவரும் அடங்கியது.
கால்மணி நேரம் குந்தியிருந்து கேட்டேன்.
நிறுத்தினேன்.
சுவருக்கு அப்பால் நிக்கனோரா விழித்துக்கொண்டு
"இப்போது என்னடி ஆச்சு?" என்றாள்.

அப்படியே விட்டிருக்கலாம்.
ஆனால் முப்பத்தொன்றில் பன்னிரண்டு கடை
லா பாஸின் அடிப்பள்ளத்தில், எண்ணூறு மீட்டர் கீழே.
அங்கே காற்று கொஞ்சம் கனம்.
இரண்டரையில் இறங்கினால்
கையை எடுத்த பிறகும் எஞ்சின் அலறிக்கொண்டே நிற்கும்.
கடைக்காரி ஒரு காதைப் பொத்திக்கொண்டு காசு கொடுப்பாள்,
ஒரு நாணயம் குறையும்.

மேலே பத்தொன்பது. கீழே பன்னிரண்டு.
எந்த உயரம் இந்த வண்டிக்கு ஊர்?
ஸ்க்ரூ டிரைவரை முழங்காலில் தட்டிக்கொண்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு, கிடைத்ததைக் கெடுக்கிறோம் என்று தெரிந்தே
கால் சுற்று உள்ளே.
மேலே லேசாகத் தடுமாறும், கீழே லேசாக அலறும்,
சாகாது.
ஸ்க்ரூவின் தலையிலிருந்து கார்புரேட்டர் உடம்புவரை
மகளின் நகப்பூச்சால் ஒரு கோடு.
ஊதாநிறம். கேட்காமல் எடுத்தது.

காலையில் ஏழாவது கடை.
கசில்தா அம்மா நாற்பது ரொட்டியையும்
தட்டித் தட்டி எண்ணுகிறாள்.
வெளியே
பட், பட்,
ஒன்றை விட்டு,
பட், பட்.
அந்த விட்டதுதான் ஒவ்வொரு முறையும்
என் காதில் விழுகிறது.
"முப்பத்தெட்டு" என்கிறாள்.
மறுபடி எண்ணுங்கள், அம்மா.
அவசரமில்லை.
நிற்கிறது.