வருகையின் நோக்கம்

வந்த நோக்கம் என்ன என்று கேட்டாள்
முக்காடிட்ட குடிநுழைவு அதிகாரி.
திருச்சியிலிருந்து ஒத்திகை பார்த்துவந்த பதில்
தங்கை மகளுக்குக் காதுகுத்து.
வாயில் வந்ததோ
குதிரை.
ஹார்ஸ், மேடம். ரேஸ்.

"ஓ, குடா" என்றாள் மலாயில்.
எனக்குக் கேட்டது "கூடா."
கடலுக்கு அந்தப்பக்கமிருந்து கனகவல்லி
கடைசி எழுத்தை மட்டும் விழுங்கிவிட்டு
எச்சரித்ததுபோல் இருந்தது.
அதற்குள் முத்திரை விழுந்துவிட்டது.

இருபத்திரண்டு வருடம்
அடுத்தவர் வீட்டு மீட்டரைக் குனிந்து படித்தவன் நான்.
எந்தக் குதிரைமேலும் காலணா கட்டியதில்லை,
நோட்டில் தவிர.
கிண்டி, ஊட்டி, பெங்களூர்,
பேப்பரில் வராத ஊர்களுக்குக்கூட
பென்சிலால் பணம் கட்டி
மறுநாள் பேனாவால் லாபம் எழுதினேன்.
அந்தக் கணக்குப்படி இந்த உலகம்
எனக்குப் பதினோரு லட்சத்துச் சொச்சம் பாக்கி.

நேரில் பார்த்த குதிரைகள் என்றால்
பழனி அடிவாரத்தில் வண்டி இழுத்தவை,
அய்யனார் கோயிலில் பல்லைக் காட்டி நின்றவை.
இரண்டுமே ஓடிப் பார்த்ததில்லை.

சுங்கை பீசியில்
மாலை மூன்று மணிக்கு, கையெழுத்துப் போட வரும்
அரசு ஊழியனைப்போல வந்தது மழை.
கூரைக்கடியில் என்னைப்போல நூறு பேர்.
எல்லார் காதிலும் சின்னப் பென்சில்.
சீனத்தில், மலாயில், தமிழில்
ஒரே மாதிரி முணுமுணுக்கும் உதடுகள்.
யாருக்கும் யாரும் வணக்கம் சொல்லவில்லை.
அதுவே உறவுக்காரர்கள் என்பதுபோல் இருந்தது.

"அண்ணே, எட்டிப் போங்க, ஒதைக்கும்."
கயிற்றைப் பிடித்து வந்தவர் பெயர் சன்னாசி.
கயிற்றின் மறுமுனையில் ஐந்தாம் எண்,
லேட் சப்பர்.
நல்ல புள்ளதான், மழைன்னா கொஞ்சம் மலாஸ், என்றார்.
சோம்பல் என்று நானாகப் பொருள் கொண்டேன்.

நோட்டில் அதற்கு எடை உண்டு, வயது உண்டு,
கடைசி ஆறு ஓட்டங்கள் உண்டு.
ஒரு முழத் தூரத்திலும் அடிக்கிற சூடு இல்லை.
நனைந்த சாக்கு வாசமும் வெல்லப்பாகு வாசமும் இல்லை.
ஒரு காது என் பக்கமும்
மறு காது சன்னாசி பக்கமும்
தனித்தனியே திரும்புவது இல்லை.
மீட்டர் கண்ணாடி அளவுக் கண்ணில்
குடையோடு ஒரு சின்ன ஆள் நின்றிருந்தான்.

இருபது வெள்ளி கட்டினேன்.
சீட்டை வாங்கிய கை நடுங்கியது.
வெறிநாய் இருந்த வீடுகளில்கூட
நடுங்காமல் ரீடிங் எழுதிய கை.

ஓட்டம் முதலில் காதுக்கு வருவதில்லை.
தரைவழியாக வந்து
முழங்காலைத் தொட்டுவிட்டு
அப்புறம்தான் சத்தமாகிறது.
பிறகு சேறு,
சட்டைகளின் நிறமெல்லாம் சேறு,
என் தொண்டையிலிருந்து யாரோ கத்துகிறார்கள்.
ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி
என்று பலகை சொன்னது.
பலகையில் ஐந்து இல்லை.

கைபேசி அடித்தது.
"மொய் எவ்வளவு எழுதுன?"
"ஐநூறு வெள்ளி" என்றேன்.
"எத்தனாவது வந்துச்சு?"
"எது?"
"நோட்டு அரிசி டிரம்முக்குப் பின்னாலதான் கெடக்கு.
பத்து வருசமாப் படிக்கிறேன்.
இருபத்தி மூணாம் பக்கம் கூட்டல் தப்பு.
எத்தனாவது?"
"ஏழாவது."
"எத்தனை குதிரைல?"
"எட்டு."

அவள் சிரித்தாளா, தொலைபேசிக் கோளாறா
தெரியவில்லை.
அந்நேரம் சன்னாசி அதை நடத்திக்கொண்டு
என்னைக் கடந்து போனார்.
வென்றதற்கும் தோற்றதற்கும் ஒரே நடை.

"மழையா அங்க?"
"ஆமா. குதிரைமேல பொகையுது."
"என்னது?"
"குதிரைமேல, கனகு.
முதுகுலேர்ந்து பொகையுது."