பெயர் சொல்லாத பத்து நிமிடம்

காசிமேட்டில் இரங்கல் கூட்டம்.
மைக்செட் என்னுடையது.
நாலு ஹார்ன், ரெண்டு பாக்ஸ்,
ஜெனரேட்டர் வாடகை தனி.

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைத் தட்டிச் சொன்னார்:
பத்தே நிமிடம்.
யார் பெயரும் வரக்கூடாது.
வழக்கறிஞர் அறிவுடைநம்பி
பள்ளிக்கூடப் பையன் மாதிரித் தலையாட்டினார்.
மேடை ஏறுமுன் என் பக்கம் குனிந்தார்.
"எக்கோவ எட்த்துடு தம்பி.
நான் கண்ணாடியக் கழட்டுனா மட்டும்
கொஞ்சூண்டு வை."

பிளக்ஸில் தேசிங்கு சிரித்தார்,
படகு சங்கத்துக்குப் பதினோரு வருஷச் செயலாளர்.
ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம்.
தோள்மேல் கிடந்த வேறொருவர் கையை
வெட்டியெடுக்க மறந்திருந்தார்கள்.

முதலில் சிரிக்க வைத்தார்.
"செத்தவன் எனக்கு நாப்பது ரூபா பாக்கி,
டீக்கடை நாயரு சாட்சி."
கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது.
திறந்த வாய் மூடுவதற்குள்
உள்ளே எதையும் வைத்துவிடலாம் என்று
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கண்ணாடியைக் கழற்றினார்.
நான் எக்கோவை வைத்தேன்.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து
தேசிங்கு நம்பருக்கே போட்டார்.
போனை மைக்கோடு ஒட்டிப் பிடித்தார்.
நாலு ஹார்னிலும் அந்தப் பெண் குரல்:
நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர்
தற்சமயம் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்.
வலைக்கூடத்துப் பக்கம் ஒரு பெண்
ஐயோ என்று உட்கார்ந்துவிட்டாள்.
மதியமே ஒத்திகை பார்த்தது இது.
சவுண்டு எவ்வளவு என்று அளந்து வைத்தவன் நான்.
எனக்கும் கண் கலங்கியது.

அப்புறம் கேள்விகள், ஒவ்வொன்றாக,
நண்டு பிடிக்கிறவன் கால்வைக்கிற மாதிரி.
ஐஸ் பாருக்கு விலை ஏத்துனது யாரு?
ஏன்னு கேட்டது யாரு?
கேட்டவன் இப்ப எங்க?
"நான் சொல்ல மாட்டேன்.
ஐயாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."
மைக்கை மெல்லக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார்.
ஹார்ன் ஒருமுறை கீச்சிட்டது.

கன்னியப்பன்.
முதலில் ஒரு மூலையில்.
கன்னியப்பன்.
பிறகு லாரி மேல், மொட்டை மாடியில், எங்கேயும்.

ஒன்பது நிமிடம் நாற்பது நொடி.
"அமைதியாக் கலைஞ்சு போங்க" என்று
கும்பிட்டு இறங்கினார்.
பிரேதப் பரிசோதனை அறிக்கை
அப்போது வந்திருக்கவில்லை.

ஐஸ் கம்பெனி கேட்டைப் பெயர்த்தார்கள்.
வாட்ச்மேனுக்குக் கை முறிந்தது.
விடிகாலையில் ரோடு முழுக்க உடைந்த பார்கள்;
மீன்காரம்மாக்கள் புடவையைச் செருகிக்கொண்டு
நல்ல துண்டாகப் பார்த்துக்
கூடையில் பொறுக்கிப் போட்டார்கள்.
வியாபாரம் ஏழு மணிக்கு.

ஸ்டேஷனில் என் மெமரி கார்டைப் போட்டுக் கேட்டார்கள்.
மூன்று தடவை.
வக்கீல் குரலில் எந்தப் பெயரும் இல்லை.
டீக்கடை நாயரைத் தவிர.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.
ரைட்டர் மட்டும் நாற்காலியை இழுத்துப்போட்டு
இன்னொரு தடவை வைக்கச் சொன்னார்.

செக் செக் சொல்ல வைத்திருந்த சின்ன மைக்,
என் மடிப்பக்கம்,
அணைக்க மறந்தது.
ஊர்க்குரல் எல்லாம் தூரத்தில் கடல் மாதிரி இரைய,
பக்கத்தில், பிசிறில்லாமல்,
எக்கோவே இல்லாமல் ஒருத்தன் கத்துகிறான்,
கன்னியப்பன்.

"யார்யா இவன்?" என்றார் ரைட்டர்,
பேனா மூடியைக் கழற்றியபடி.