இருபத்து மூன்று சென்ரிமீற்றர்

சாமான் அறையைக் கூட்டப் போனேன்.
பிரிந்த வலை, துருவேறிய தடை,
ஒற்றைச் சப்பாத்து,
எலி குடித்தனம் நடத்திய மெத்தை.
மெத்தைக்கு அடியில் அந்த நாடா.

துணி நாடா, ஐம்பது மீற்றர்.
என் முப்பத்தெட்டு நாற்பத்திரண்டை அளந்தது இதுதான்.
தோல் உறையில் கல்லூரியின் பெயர்
பாதி மிஞ்சியிருந்தது.
நுனியை இழுத்தேன்.
பித்தளை வளையம், ஒரு முடிச்சு,
முடிச்சை அடுத்து
இருபத்து நான்கு.

தொண்ணூற்றெட்டில்
உட்துறைமுக வீதிக் காவலரணில்
பையில் என்ன என்று கேட்டார்கள்.
குண்டு என்றேன்.
பத்தொன்பது வயது, வேறு சொல் தெரியாது.
மூன்று துவக்குகள் ஒன்றாக நிமிர்ந்தன.
பிறகு நாலு கிலோ இரும்பை
மாறி மாறி வாங்கிப் பார்த்தார்கள்.
ஒருவன் மணல்மூட்டைக்கு மேலால் போட்டும் பார்த்தான்.
ஐந்து மீற்றர் வரும். முழங்கை விழுந்திருந்தது.
நான் சொல்லவில்லை.
அன்றிரவே விடுதியில் 'யகட போலே' என்று
நூறு தரம் சொல்லிப் பழகினேன்.
பரிதிவட்டத்தால் அந்தத் தொல்லை இல்லை,
சட்டி மூடி என்று விட்டுவிடுவார்கள்.

இப்போது விடிய ஐந்தரைக்கு
முதல் வேலை மான் விரட்டுவது.
கோட்டைப் பக்கமிருந்து வந்து
எறிபரப்பின் நடுவில் படுத்துக் கிடக்கும்,
சரியாக முப்பது மீற்றர்க் கோட்டில்.
அங்கேதான் புல் நல்லது.
என் பிள்ளைகள் அவ்வளவு தூரம் எறிவதில்லை.

கழுத்து ஊத்தையாகட்டும்,
உள்ளங்கை சுத்தமாய் இருக்கட்டும்,
இடுப்பு முதல், கை கடைசி என்று கத்துவேன்.
வேலிக்கு வெளியே தாய்மார்:
"தோள் அகலுது ரீச்சர், பிறகு சட்டை..."
என் தோளைக் கண்டதும் நிறுத்துவார்கள்.
தையற்காரர் எனக்கு எப்போதும்
கால் மீற்றர் கூடத்தான் கேட்பார்.

அந்த எறியில்தான் எனக்கு நியமனம் வந்தது.
பழைய சாதனை முப்பத்தெட்டு முப்பது என்று
நேர்முகத்தில் கேட்காமலே சொன்னவள் நான்.
இரண்டாமிடம் சித்தி நபீலா,
முப்பத்தெட்டு முப்பத்தொன்று.
கிண்ணியாவிலிருந்து பாதை ஏறி வந்தவள்,
பாதை பிந்தியதில்
உடம்பைச் சூடாக்க நேரமில்லாமல் எறிந்தவள்.

பதிவேட்டின் பின்னட்டையில்
கழித்துப் பார்த்தேன்.
முப்பத்தெட்டு பத்தொன்பது.
இன்னொரு தரம் கழித்தேன்.

மாகாணப் போட்டியில் நபீலாவைக் கண்டேன்.
அவளும் பயிற்றுநர்,
கறுப்பு அபாயாவின் மேல் விசில்.
ஒரே வாங்கு, ஒரு சரை மரவள்ளிப் பொரியல்.
சொன்னேன்.
மென்று முடித்தாள்.
"என்னையும் அதாலதானே அளந்த?"
"ஓம்."
"அப்ப பதினொண்டு பதினொண்டுதானே."
பையன் ஒருவன் வட்டத்தின் விளிம்பை மிதித்தான்,
இருவரும் ஒன்றாக நாக்கைச் சப்புக்கொட்டினோம்.
பிறகு கேட்டாள்:
"அது எப்ப வெட்டுப்பட்ட எண்டு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது.
எங்கள் போட்டிக்கு முன்னமோ, பிறகோ.
கடல் அறைக்குள் வந்து போன வருசமோ.
மான் தின்றிருக்கவும் கூடும்.
கடதாசி தின்னும், கோயில் மாலை தின்னும்,
ஒரு முறை என் இடாப்பில்
'அ' முதல் 'ஊ' வரை தின்றது.

உருக்கு நாடா வாங்கினேன், என் காசில்.
பிள்ளைகள் போன பிறகு
வட்டத்துக்குள் இறங்கினேன்.
முழங்கால் முணுமுணுத்தது.
ஒன்றரைச் சுற்று.
விரலை விட்டுப் போகும்போது
அதே சுட்டுவிரல்தான் கடைசியாகத் தொட்டது.
பரிதிவட்டம் சாய்ந்து போய்
ஒரு மானுக்கு முன்னால் விழுந்தது.
அது எழும்பவுமில்லை.

மறு நுனி பிடிக்க ஆளில்லை.
தடத்தில் கம்பி குத்திப்
பூச்சியத்தை அதில் கொழுவி
நாடாவை விரித்தபடி நடந்து வந்தேன்.
குனிந்தேன். இருபத்தாறா, இருபத்தெட்டா,
கண்ணாடி பையில்.
திரும்பிப் பார்த்தேன்.
மான்
பூச்சியத்தை முகர்ந்துகொண்டிருந்தது.