எந்த வகுப்புக்கு?

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே
ரிஸ்மி நானாவின் கடையில் கேட்டேன்:
ஒப்ஜெக்ட் முறையில் புரோகிராம் எழுத
லேசாக ஒரு புத்தகம் இருக்குமா?
கிளாஸைப் பற்றி, என்றேன்.
எந்தக் கிளாஸ், என்றார். ஏழா, எட்டா?
ஓ.எல். பாஸ்பேப்பர் புதுசு வந்திருக்கு.

கொழும்பிலிருந்து குமுதரஞ்சன் அனுப்பியது
செங்கல் கனம். நாற்பதாம் பக்கம்வரை போனேன்.
அங்கே ஓர் அம்புக்குறி, அதிலிருந்து இன்னோர் அம்புக்குறி,
எழுதியவரைத் தவிர
யாரும் திரும்பி வந்ததாகத் தெரியவில்லை.
இப்போது அது மொனிட்டரைத் தாங்குகிறது.
கழுத்துவலி குறைந்திருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.

அடுத்ததில் நாய் குரைத்தது, பூனை கத்தியது,
இரண்டும் விலங்கு. சரி.
என்னிடம் இருப்பதோ கொழுந்துக் கணக்கு.
மூவாயிரம் வரி, ஒரே கிளாஸ்.
அதற்குத் தராசும் தெரியும், சம்பளமும் தெரியும்,
யார் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினார்கள் என்பதும் தெரியும்.
ஓர் எண்ணை மாற்றினால்
கீழ் டிவிஷனில் பிரிண்டர் நின்றுவிடும்.

மூன்றாவது, கண்டிப் பழைய புத்தகக் கடையில்,
சமையலுக்கும் சோதிடத்துக்கும் நடுவே
அட்டை கிழிந்து, மெலிந்து கிடந்தது.
இங்கிலீஷ்தான், ஆனால் மூச்சு விட்டு விட்டு எழுதியது.
வட்டவளை தாண்டும்வரை ரயிலில் நின்றே படித்தேன்.
நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்:
அடுத்தவர் பைக்குள் கை விடாதே.
வேலையைச் சொல். எண்ணுவது அவர்கள் பாடு.

பைக்குள் விடும் கையை
எங்கள் லயத்தில் அறியாதவர் யார்?

ஞாயிறு இரவு, கரண்ட் போவதும் வருவதுமாக இருக்க,
கிளாஸை நான்காகப் பிரித்தேன்.
தராசு நிறையைச் சொல்லும், அத்தோடு வாயை மூடும்.
மூட்டையோடு மூட்டையாய்க் கிடந்த கழிவுக்கு
ஒரு பெயர் வைத்தேன்.
பெயர் வந்ததும் அது
சம்பளத் துண்டில் தனி வரியாய் இறங்கிவிட்டது:
ஈரக் கழிவு, இரண்டு கிலோ.
வெயில் நாள்களிலும்.

பத்தாம் திகதி ஜன்னலில் பூங்காவனம் அக்கா கேட்டார்:
இது என்னா, அன்னிக்கி மழையே பேயலையே?
பின்னால் நின்றவர்களும்
துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள்.

பெரிய கிளாக்கர் உள்ளே கூப்பிட்டிருக்கிறார்.
மெலிந்த புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.
இதற்கு அதில் அத்தியாயம் இல்லை.
தேடிப் பார்த்துவிட்டேன்.