ஆதரவு முடியும் திகதி

திரையின் வலது மூலையில் ஒரு கட்டம்:
ஒக்ரோபர் பதினாலு.
மூடினால் அடுத்த காலை திரும்ப வருகிறது
வட்டிக்காரனைப் போல, கோபமே இல்லாமல்.

கடை உட்துறைமுக வீதியில்.
போட்டோக்கொப்பி, தட்டச்சு, லாமினேற்.
மரண அறிவித்தல் என்றால் ஒரு மணித்தியாலம்,
காணிக் கடிதத்துக்கு இரண்டு நாள்.

சோதித்துப் பார் என்றது. சோதித்தேன்.
'இந்தக் கணினி தகுதி பெறவில்லை.'
வீட்டுத்திட்ட மேன்முறையீடுகளில்
முதல் வரியே அதுதான்:
தகுதி பெறவில்லை எனத் தாங்கள் அறிவித்தமை தொடர்பாக.
அதற்குப் பிறகு எழுத வேண்டியதை
என் விரல்கள் என்னைக் கேட்பதில்லை.
இதை யாருக்கு எழுத?

பக்கத்து லீசிங் கம்பனிக்குப் புதுசாய் ஆறு வந்தன.
பழைய ஆறும் வயர் தொங்கத் தொங்க
ஓட்டோவில் ஏறிப் போயின.
ட்ரவல்ஸ் நடத்தும் நிமல்கா சிரித்தாள்:
"ஒண்டும் ஆகாது மிஸ்,
எங்கட ஒபிஸில இன்னும் செவன் ஓடுது."

கிண்ணியாவிலிருந்து சப்ரான் வந்தான்,
சாவிக்கோர்வையில் ஒரு பென்டிரைவ்.
"லினக்ஸ் போடுவம் அக்கா. காசில்ல.
இந்த மெஷின் இன்னும் எட்டு வருஷம் இழுக்கும்."
பிரிண்டர்?
"வேல செய்யும்."
பேஜ்மேக்கர்?
அவன் தேத்தண்ணியை ஊதினான்.

புதுசு ஒன்று எழுபத்தையாயிரம்.
அதாவது ஒரு லட்சத்து.
கடைச் சொந்தக்காரர் கூட்டிக் கேட்கிற முற்பணமும்
கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

ஆதரவு.
பத்து வருசமாய் என்னை ஆதரித்தது யார்?
இரவில் கேட்காமல் எதையோ இறக்கி
எதையோ ஒட்டி
நீலத் திரையில் சொல்லும்: அணைக்க வேண்டாம்.
சரி, நானும் அணைக்கவில்லை.
எந்த அர்த்தத்திலும்.

சீனக்குடாக் காட்டுக்குள் எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன.
கட்டியவர்கள் கப்பலேறி எவ்வளவு காலம்.
சிலதில் இன்றைக்கும் எண்ணெய்.
சிலதில் மரம்.

நிறுவாமலே பார்க்கலாம் என்றான். பார்த்தோம்.
பச்சையாய், சுத்தமாய், சத்தமில்லாமல் எழும்பியது.
என் கோப்பு ஒன்றைத் திறந்தான்.
fhyQ;nrd;w
என்று தொடங்கியது.
"ஃபைல் பழுதாப் போச்சு அக்கா."
இல்லை, காலஞ்சென்ற.
அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.
கீழே விரலை வைத்தான்: jpUNfhzkiy.
திருகோணமலை, என்றேன்.
பாமினி எழுத்துரு இல்லாத இடத்தில் எங்கள் ஊரின் பெயர் அது.
பதினெட்டு வருசம் அடித்தவளுக்கு
அதை வாசிக்க எழுத்துரு எதற்கு?

எழுத்துருவைப் போட்டான். தமிழ் வந்தது.
வரிகள் மட்டும் இடம் மாறி
ஒருவரின் மருமகள்
இன்னொருவரின் மனைவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.
அதை ஒரு குடும்பமும் மன்னிக்காது.

வாசலில் ஒரு மான்
கழித்துப் போட்ட தாளைத் தின்றுகொண்டிருந்தது,
யாருடையதோ முப்பத்தோராம் நாள்.
துரத்தவில்லை.

கீல் உடைந்த மடிக்கணினிக்கு லினக்ஸ்,
மின்னஞ்சலுக்கும் பரீட்சை முடிவுகளுக்கும்.
பழையதன் இணைய வயரை நானே பிடுங்கினேன்.
அது இனி அடிக்கும், அச்சிடும்,
வெளியே ஒருவரோடும் பேசாது.

பதினாலாந் திகதி
ஒருவர் அடையாள அட்டையோடு வந்தார்.
இரண்டு பக்கமும், மூன்று கொப்பி.
வேறொன்றும் நடக்கவில்லை.

மூலையில் இப்போது ஒரு சின்ன உலக உருண்டை,
அதன்மேல் தடைக்கோடு.
பக்கத்தில் நேரம் சரியாகத்தான் ஓடுகிறது.
போகப் போகப் பிந்தும் என்கிறான் சப்ரான்,
மாதத்துக்கு ஒரு நிமிடம் அளவில்.